ஆன் ஆகாத பழைய மேசைக் கணினி: கடைக்குத் தூக்கிச் செல்வதற்கு முன் நீங்களே பார்க்கக்கூடியவை

2008-க்கும் 2014-க்கும் இடையில் வாங்கிய மேசைக் கணினிகள் இன்னும் பல வீடுகளிலும் சிறு கடைகளிலும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. கோர் 2 டுயோ, டூயல் கோர், இரண்டாம் தலைமுறை ஐ3 என்று உள்ளே எது இருந்தாலும், அவற்றுக்குள் குடும்பப் படங்களும் கடைக் கணக்குகளும் வேறெங்கும் பிரதி இல்லாத கோப்புகளும் கிடக்கின்றன. ஒரு நாள் பொத்தானை அழுத்தினால் உயிர் வருவதில்லை. எங்கள் வீட்டுக் கணினிக்கு அப்படி ஆனபோது ஒரு கடையில் மதர்போர்டு போய்விட்டது என்றார்கள், இன்னொரு கடையில் ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்றார்கள். முடிவில் மாற்ற வேண்டியிருந்தது, சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றைத்தான். எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்ற வரிசை தெரிந்திருந்தால் அந்த அலைச்சலில் பெரும்பகுதி தேவைப்பட்டிருக்காது. அந்த வரிசையை, செலவும் நேரமும் எச்சரிக்கைகளும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கணினியின் நிலை மூன்றில் எது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பொத்தானை அழுத்தினால் விசிறியும் விளக்கும் எதுவுமே அசையவில்லை என்றால் அது மின்சாரம் பற்றிய குறை. 2, 3, 4 ஆகிய படிகள் உங்களுக்கு முக்கியம். விசிறி சுற்றுகிறது, ஆனால் திரை கறுப்பாகவே இருக்கிறது என்றால் 5, 6, 7 ஆகிய படிகளில் விடை கிடைக்க வாய்ப்பு அதிகம். திரையில் எழுத்து வருகிறது, விண்டோஸ் மட்டும் வரவில்லை என்றால், பெட்டிக்குள் கை வைப்பதற்கு முன் 8-ஆம் படியைப் படித்துவிடுங்கள்.

1. தொடங்கும் முன்: ஆவணங்கள், கருவிகள், செலவு வரம்பு

பழைய பில்களைத் தேடி எடுங்கள். கணினியை வாங்கிய பில்லுக்கு உத்தரவாதக் காலம் எப்போதோ முடிந்திருக்கும். ஆனால் இடையில் மாற்றிய ஹார்டு டிஸ்க், எஸ்.எம்.பி.எஸ்., யு.பி.எஸ். போன்றவற்றுக்குத் தனி உத்தரவாதம் உண்டு. அது சில சமயம் மூன்று ஆண்டு வரைகூட இருக்கும். உறுப்பின் மேல் ஒட்டியுள்ள தொடர் எண்ணும் பில்லும் ஒத்துப்போனால்தான் மாற்றித் தருவார்கள் என்பதால், அந்த ஸ்டிக்கரைக் கிழிக்காதீர்கள். பெட்டியின் பக்கவாட்டில் விண்டோஸ் உரிம எண் ஒட்டப்பட்டிருந்தால், எழுத்து மங்குவதற்கு முன் அதை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கருவிகள் அதிகம் வேண்டாம். ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், மென்மையான பெயின்ட் பிரஷ், வெள்ளை ரப்பர், டார்ச் விளக்கு, சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், சி.ஆர். 2032 என்ற எண்ணுள்ள நாணய வடிவ பேட்டரி ஆகியவை போதும். மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்கும் பேட்டரி நூறு ரூபாய்க்குள்ளும் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். நேரத்தைப் பொறுத்தவரை, பகல் வெளிச்சத்தில் அவசரமில்லாத அரை நாளை ஒதுக்குங்கள்.

அதைவிட முக்கியம், எவ்வளவு வரை செலவழிப்பது என்பதை இப்போதே முடிவுசெய்வது. இந்தக் காலத்துக் கணினிகளில் விண்டோஸ் 11-ஐ அதிகாரபூர்வமாக நிறுவ முடியாது. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. எனவே லினக்ஸ் போட்டுப் பயன்படுத்தவோ, பழைய மென்பொருள் ஒன்றுக்காக இணையம் இல்லாமல் வைத்திருக்கவோதான் இந்தப் பெட்டி உதவும். இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குள் சரியாகிறது என்றால் செய்யலாம். மதர்போர்டையும் பிராசஸரையும் சேர்த்து மாற்றச் சொன்னால், அந்தப் பணத்தைப் புதிய கணினிக்கு வைப்பதே சரி என்பது என் கருத்து.

2. பெட்டியைத் திறக்காமலே பார்க்க வேண்டியவை

யு.பி.எஸ்.-ஐ விலக்கிவிட்டு, கணினியை நேராகச் சுவர் சுவிட்ச் போர்டில் செருகிப் பாருங்கள். நம் ஊர் வீடுகளில் கணினி ஆன் ஆகவில்லை என்ற புகாரில் யு.பி.எஸ். குறை அடிக்கடி ஒளிந்திருக்கும். அதற்குள் இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி பொதுவாக இரண்டு, மூன்று ஆண்டுகளில் வலுவிழந்துவிடும்; அந்த நிலையில் சில யு.பி.எஸ்.கள் மின்சாரம் இருக்கும்போதுகூடக் கணினிக்குச் சரியாகக் கொடுப்பதில்லை. பேட்டரியை மட்டும் மாற்ற ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் ஆகும்.

அடுத்து, மூன்று முனை மின்கேபிளை மாற்றிப் பாருங்கள். மானிட்டருக்குச் செல்லும் கேபிளும் பெரும்பாலும் அதே வகைதான் என்பதால், இரண்டையும் இடம் மாற்றினாலே போதும். பெட்டியின் பின்புறம், எஸ்.எம்.பி.எஸ். மேல், வட்டமும் கோடும் போட்ட சுவிட்ச் இருந்தால், கோடு உள்ள பக்கம் அழுந்தியிருக்க வேண்டும். அதன் அருகில் 115, 230 என்று எழுதிய சிவப்புத் தள்ளு சுவிட்ச் இருந்தால் அது 230-இல்தான் நிற்க வேண்டும். 115-இல் வைத்து நம் மின்சாரத்தைக் கொடுத்தால் எஸ்.எம்.பி.எஸ். வெடிச் சத்தத்துடன் போய்விடும். துடைக்கும்போது கை பட்டு நகரக்கூடிய இடம் அது.

பெட்டியைத் தொட்டால் சுரீர் என்று மின்சாரம் உறைப்பது போல இருந்தால், அந்தச் சுவிட்ச் போர்டுக்கு எர்த் இணைப்பு இல்லை என்று பொருள். எஸ்.எம்.பி.எஸ். உள்ளே இருக்கும் வடிகட்டி வழியாகச் சிறு கசிவு எப்போதும் உலோகப் பெட்டிக்கு வரும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும், இல்லாவிட்டால் உங்கள் கைக்கு வரும். எலக்ட்ரீசியனை அழைத்து அதைச் சரிசெய்யும் வரை மேலே எதுவும் செய்யாதீர்கள்.

விசைப்பலகை, மவுஸ், பிரிண்டர், பென் டிரைவ், இணையக் கேபிள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒருமுறை ஆன் செய்து பாருங்கள். முன்பக்க யு.எஸ்.பி. துளைகளுக்குள் உள்ள தகடுகள் வளைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் சில கணினிகள் ஆன் ஆகவே ஆகா. மானிட்டருக்கும் ஒரு சொல்: கிராபிக்ஸ் கார்டு தனியாகப் போட்டிருந்தால், நீலநிற வி.ஜி.ஏ. கேபிளை அந்தக் கார்டில்தான் செருக வேண்டும். மதர்போர்டில் உள்ள துளையில் செருகினால் கணினி நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் திரை கறுப்பாகவே இருக்கும்.

3. பெட்டியைத் திறத்தல்

மின்கேபிளை முழுவதும் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிடுங்கிய பின் பொத்தானைப் பத்து வினாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே மிஞ்சிய மின்சாரம் தீரும். கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு கேபிளும் எங்கே செருகியிருக்கிறது என்று கைபேசியில் நாலைந்து கோணங்களில் படம் எடுங்கள். உறுப்புகளைத் தொடும் முன் பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுக்கொண்டால், உடலில் உள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும்.

தூசியைப் பிரஷால் மெதுவாகத் தட்டி எடுங்கள். பல்லி, எறும்புக் கூடு, கரப்பான் எச்சம் ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள். மாதக்கணக்கில் மூடிக் கிடந்த பெட்டிகளில் இவை மதர்போர்டின் அடியிலும் எஸ்.எம்.பி.எஸ். காற்றுத் துளைகளிலும் இருக்கும், அவையே ஷார்ட் ஆகக் காரணமாகவும் இருக்கும். ஈரத் துணி எந்த இடத்திலும் கூடாது.

பிறகு டார்ச் வெளிச்சத்தில் பிராசஸரைச் சுற்றி நிற்கும் சிறு உருளை வடிவக் கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டியது உப்பியிருந்தாலோ, பழுப்பாக எதுவும் கசிந்திருந்தாலோ, குறை மதர்போர்டில்தான். சாலிடரிங் தெரிந்த எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் அவற்றை மாற்றிவிடுவார். உறுப்பின் விலை மிகக் குறைவு, கூலிதான் செலவு.

4. எஸ்.எம்.பி.எஸ். சோதனை

எதுவுமே அசையாத கணினிகளில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். அதேசமயம், இதைத் திறந்து பார்க்கும் எண்ணம் மட்டும் வரவே கூடாது. கேபிளைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும். அது உயிருக்கே ஆபத்து. சோதனை முழுவதும் வெளியே வரும் வயர்களில்தான்.

மதர்போர்டுக்குச் செல்லும் அகலமான 24 முனை இணைப்பில் வயர்களின் நிறத்தைப் பாருங்கள். ஊதா வயரில் கணினி அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட் இருக்க வேண்டும். இணைப்பு மதர்போர்டில் செருகியபடியே இருக்க, மின்கேபிளைச் செருகி, மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கறுப்பு வயரிலும் சிவப்பு முனையை ஊதா வயரிலும் இணைப்பின் பின்பக்கத் துளை வழியாக வைத்து அளவெடுங்கள். மல்டிமீட்டர் டி.சி. 20 வோல்ட்டில் இருக்கட்டும். ஊதாவில் ஒன்றும் இல்லை என்றால், மின்கேபிளும் சுவரும் சரியாக இருக்கும் பட்சத்தில், எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது.

ஊதாவில் 5 வோல்ட் இருந்தும் பொத்தானுக்கு அசைவில்லை என்றால், பொத்தானையே சந்தேகியுங்கள். பெட்டியின் முன்பக்கத்திலிருந்து வரும் மெல்லிய வயர் மதர்போர்டில் இரண்டு ஊசிகளில் செருகியிருக்கும். பவர் சுவிட்ச் என்று அருகில் சுருக்கெழுத்து அச்சிட்டிருக்கும். அந்த வயரைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு ஊசிகளை மட்டும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டால் கணினி ஆன் ஆகிறதா பாருங்கள். ஆன் ஆகிறது என்றால் குறை பொத்தானில். ரீசெட் பொத்தானின் வயரை அங்கே மாற்றிச் செருகினால் ஒரு ரூபாய் செலவில்லாமல் வேலை முடிந்தது.

அதற்கும் அசையவில்லை என்றால், எஸ்.எம்.பி.எஸ்.-ஐத் தனியாக ஓட்டிப் பார்க்கலாம். மின்கேபிளைப் பிடுங்கிவிட்டு அதன் எல்லா இணைப்புகளையும் மதர்போர்டிலிருந்தும் ஹார்டு டிஸ்க்கிலிருந்தும் கழற்றுங்கள். பழைய சி.டி. டிரைவ் ஒன்றை மட்டும் சுமையாக இணைத்து வையுங்கள். 24 முனை இணைப்பில் பச்சை வயர் உள்ள துளையையும் பக்கத்துக் கறுப்பு வயர் உள்ள துளையையும் ஒரு சிறு வயர்த் துண்டால் இணைத்த பிறகு மின்கேபிளைச் செருகுங்கள். விசிறி சுற்றினால், நான்கு முனை இணைப்பு ஒன்றில் மஞ்சள் வயரையும் சிவப்பு வயரையும் கறுப்புடன் சேர்த்து அளந்து பாருங்கள். மஞ்சளில் 11.4-க்கும் 12.6-க்கும் இடையிலும், சிவப்பில் 4.75-க்கும் 5.25-க்கும் இடையிலும் இருந்தால் ஏற்கத்தக்கது. விசிறி சுற்றுவதை மட்டும் வைத்து எஸ்.எம்.பி.எஸ். நன்றாக இருக்கிறது என்று முடிவுசெய்துவிடாதீர்கள். சுமை ஏறும்போது வோல்ட்டேஜ் சரிந்து விழும் எஸ்.எம்.பி.எஸ்.கள் ஏராளம். சந்தேகம் தீர ஒரே வழி, தெரிந்தவரிடமிருந்து நல்ல நிலையில் உள்ள ஒன்றை இரவல் வாங்கிப் பொருத்திப் பார்ப்பதுதான்.

புதிதாக வாங்குவதானால், மிக மலிவானவை ஆயிரம் ரூபாய்க்குள்ளும், தரச் சான்று பெற்றவை இரண்டாயிரத்தைத் தாண்டியும் இருக்கும். பெட்டியில் 450 வாட் என்று பெரிதாக எழுதியிருப்பதை நம்பாமல், ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதுதான் உண்மையான வலிமை. டெல், எச்.பி., லெனோவா போன்ற நிறுவனங்களின் சில ஒல்லியான மாடல்களில் 24 முனைக்குப் பதிலாக வேறு வகை இணைப்பு இருக்கும் என்பதால், பழையதைக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. சென்னை ரிச்சி தெருவுக்குப் போவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

5. விசிறி சுற்றுகிறது, திரை இல்லை: ராம்

முதலில், பிராசஸருக்கு அருகில் தனியாகச் செருகும் நான்கு முனை மின் இணைப்பு இருக்கிறதா பாருங்கள். அது கழன்றிருந்தால் எல்லா விசிறிகளும் சுற்றும், திரை மட்டும் வராது. எஸ்.எம்.பி.எஸ். மாற்றியவுடன் வரும் கறுப்புத் திரைக்குக் காரணம் பல சமயம் இதுதான்.

அடுத்து ராம், அதாவது கணினியின் தற்காலிக நினைவகத் தகடு. இரு பக்கக் கொக்கிகளையும் விலக்கி ராமை எடுத்து, அதன் பொன்னிறப் பற்களை வெள்ளை ரப்பரால் மென்மையாகத் தேய்த்து, துகளைப் பிரஷால் முழுவதும் தட்டிவிடுங்கள். பற்களைக் கையால் தொடாதீர்கள். ஸ்லாட்டையும் பிரஷால் சுத்தம் செய்து, ஒரே ஒரு ராமை மட்டும், கொக்கி தானாகப் பூட்டிக்கொள்ளும் வரை அழுத்திச் செருகி ஆன் செய்யுங்கள். வரவில்லை என்றால் அதே ராமை அடுத்த ஸ்லாட்டில். பிறகு அடுத்த ராமை முதல் ஸ்லாட்டில். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் மின்கேபிளைப் பிடுங்கியாக வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் எந்த ராம், எந்த ஸ்லாட் என்று பிரித்துச் சொல்லும் வேறு வழி வீட்டில் இல்லை. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றால் பற்கள் கறுத்துப் போவது வழக்கம். அங்கே இந்தச் சுத்தம் ஒன்றே பல கணினிகளை எழுப்பிவிடுகிறது.

மதர்போர்டில் ஸ்பீக்கர் என்று குறித்த ஊசிகளில் சிறு பஸ்ஸர் ஒன்றைச் செருகினால் பீப் ஒலி கேட்கும். பஸ்ஸரின் விலை சில பத்து ரூபாய். ராமை முழுவதும் எடுத்துவிட்டு ஆன் செய்யும்போது பீப் பீப் என்று அலறினால், மதர்போர்டும் பிராசஸரும் உயிரோடு இருக்கின்றன என்று பெரும்பாலும் நம்பலாம். ஒரு நீண்ட பீப், அதையடுத்து இரண்டு குறுகிய பீப் என்பது பல பழைய பயாஸ்களில் (விண்டோஸுக்கு முன் மதர்போர்டிலிருந்தே ஓடும் தொடக்க மென்பொருள்) கிராபிக்ஸ் குறையைக் குறிக்கும். கார்டைக் கழற்றிப் பற்களைச் சுத்தம் செய்து மறுபடி செருகுங்கள். மற்ற ஒலிகளுக்குப் பொருள் பயாஸ் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், உங்கள் மதர்போர்டின் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

ராம் வாங்கும்போது டி.டி.ஆர்.2, டி.டி.ஆர்.3 இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தா. நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். அழுத்திச் செருக முயன்றால் ஸ்லாட் உடையும்.

6. பேட்டரியும் பயாஸும்

மதர்போர்டில் உள்ள சி.ஆர். 2032 பேட்டரியின் அளவு புதிதாக இருக்கும்போது 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் இருக்கும். 2.7-க்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடுங்கள். கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய் நிற்பதும், ஒவ்வொரு முறையும் எஃப்1 விசையை அழுத்தச் சொல்வதும் இந்தப் பேட்டரி தீர்ந்ததற்கு அடையாளங்கள். சில மதர்போர்டுகள் பேட்டரி தீர்ந்தால் திரையே காட்டுவதில்லை. மின்கேபிளைப் பிடுங்கி, பேட்டரியை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் பொறுத்துப் புதியதைப் போடுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, பலர் விழுவதும் இதில்தான். பேட்டரியை எடுத்தால் பயாஸ் அமைப்புகள் யாவும் தொழிற்சாலை நிலைக்குப் போய்விடும். அதில், ஹார்டு டிஸ்க்குடன் கணினி பேசும் விதத்தைக் குறிக்கும் சாட்டா முறை என்ற அமைப்பும் மாறக்கூடும்: ஐ.டி.இ. என்று இருந்தது ஏ.ஹெச்.சி.ஐ. ஆகலாம், அல்லது நேர்மாறாக. விண்டோஸ் எக்ஸ்.பி.யும் விண்டோஸ் 7-உம் இந்த மாற்றத்தைத் தாங்காமல், நீலத் திரையை ஒரு நொடி காட்டிவிட்டு மறுபடி மறுபடி ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும். இதைப் பார்த்துவிட்டு விண்டோஸ் கெட்டுவிட்டது, ஃபார்மேட் செய்ய வேண்டும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பயாஸுக்குள் போய் அந்த ஒரு அமைப்பை மற்றொன்றாக மாற்றிச் சேமித்துப் பாருங்கள். கோப்புகளுக்கு எந்தச் சேதமும் இராது. திரை வரும் நிலையில் உள்ள கணினி என்றால், பேட்டரியை எடுப்பதற்கு முன்பே பயாஸ் பக்கங்களைப் படம் எடுத்து வைப்பது இன்னும் நல்லது.

7. ஆன் ஆகி உடனே அணைந்தால்

சில வினாடிகளிலோ நிமிடங்களிலோ தானாக அணைந்தால், பிராசஸர் சூடாகிறது என்று கொள்ளலாம். பிராசஸரின் சூட்டை இழுக்கும் உலோகத் தொகுதியான ஹீட் சிங்க் மேல் விசிறி சுற்றுகிறதா, ஹீட் சிங்கின் நான்கு மூலைக் குமிழ்களும் இறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தக் கால இன்டெல் போர்டுகளில் பிளாஸ்டிக் குமிழ் ஒன்று கழன்றாலே போதும். பிராசஸருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் உள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாக இருந்தால் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதிதாக வைக்க வேண்டும். ஏ.எம்.டி. பிராசஸர் என்றால் ஹீட் சிங்கை நேராக மேலே இழுக்காதீர்கள். காய்ந்த பேஸ்ட்டில் ஒட்டிக்கொண்டு பிராசஸரும் கூடவே வரும், ஊசிகள் வளையும். இடமும் வலமுமாக மெல்லத் திருகித் தளர்த்திய பிறகு எடுங்கள்.

8. திரை வருகிறது, விண்டோஸ் வரவில்லை: கோப்புகளைக் காப்பாற்றுவது முதல் வேலை

ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ், பூட் எம்.ஜி.ஆர். இஸ் மிஸ்ஸிங் போன்ற வரிகள் வந்தால், பென் டிரைவ் எதுவும் செருகியிருக்கிறதா என்று முதலில் பார்த்துக் கழற்றுங்கள். பிறகு ஹார்டு டிஸ்க்கின் சாட்டா கேபிளை இரு முனையிலும் கழற்றிச் செருகுங்கள். பழைய கேபிள் என்றால் மாற்றிவிடலாம், விலை நூறு ரூபாயை ஒட்டித்தான். பயாஸில் ஹார்டு டிஸ்க்கின் பெயர் தெரிந்தால், கணினி எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லும் பூட் வரிசையில் அதை முதலில் வையுங்கள்.

ஹார்டு டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால், அந்த நொடியே அணைத்துவிடுங்கள். இன்னொரு முறை பார்க்கலாம் என்று ஆன் செய்யும் ஒவ்வொரு தடவையும் உள்ளே தகடு கீறப்பட்டு, மீட்கக்கூடிய கோப்புகள் குறைந்துகொண்டே போகலாம். அந்த நிலையில் தரவு மீட்பு நிபுணர்களிடம்தான் கொடுக்க வேண்டும். பல ஆயிரம் ரூபாய் ஆகும், எனவே அந்தக் கோப்புகள் அவ்வளவு பெறுமா என்பது உங்கள் முடிவு.

சத்தம் இல்லை என்றால், யு.எஸ்.பி. சாட்டா அடாப்டர் வழியாக வேறு கணினியில் இணைத்துக் கோப்புகளை முதலில் பிரதி எடுங்கள். மேசைக் கணினியின் 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் தனி மின்சாரம் வேண்டும். மடிக்கணினி டிஸ்க்குக்கான வெறும் கேபிளை வாங்கி வந்தால் அது ஓடாது. இணைத்ததும் ஃபார்மேட் செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்டால், வேண்டாம் என்றே சொல்லுங்கள். டிஸ்க் சோதனைக் கட்டளைகளையும் பிரதி எடுத்து முடிக்கும் வரை ஓட்டாதீர்கள்.

9. கடையில் கொடுக்க வேண்டி வந்தால்

ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் பெட்டியை மட்டும் கொடுங்கள். ஆன் ஆகாத குறையைக் கண்டுபிடிக்கக் கடைக்காரருக்கு உங்கள் டிஸ்க் தேவையில்லை. திரை வந்துவிட்டாலே அவர் வேலை முடிந்தது. ராம், பிராசஸர், எஸ்.எம்.பி.எஸ். ஆகியவற்றின் தொடர் எண்களைப் படம் எடுத்து, அவற்றை வேலைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம், நேர்மையான கடைக்காரர் மறுக்க மாட்டார்.

பார்ப்பதற்கு மட்டும் எவ்வளவு, பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் எவ்வளவு என்பதை முன்கூட்டியே கேளுங்கள். சில நூறு ரூபாய் கேட்பது இயல்பு. உங்களைக் கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது என்றும், மாற்றிய பழைய உறுப்பைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள். மதர்போர்டு போய்விட்டது என்று சொன்னால், நல்ல எஸ்.எம்.பி.எஸ்., நல்ல ராம் வைத்து உங்கள் முன்னிலையில் ஒருமுறை ஆன் செய்து காட்டச் சொல்லுங்கள். புதிய உறுப்புக்கு ஜி.எஸ்.டி. பில் வாங்குங்கள், துண்டுச் சீட்டில் எழுதித் தந்த உத்தரவாதத்தை ஆறு மாதம் கழித்து யாரும் மதிப்பதில்லை.

10. சரியாகாது என்று ஆகிவிட்டால்

ராமும் எஸ்.எம்.பி.எஸ்.-உம் நல்ல நிலையில் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதே காலத்துக் கணினி வைத்திருக்கும் யாருக்காவது உதவும். பெட்டியைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல், பதிவு பெற்ற மின்னணுக் கழிவு மறுசுழற்சி நிறுவனங்களிடம் ஒப்படைப்பதே முறை; 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள் அதைத்தான் சொல்கின்றன. கொடுத்ததற்கு ரசீது கேளுங்கள். ஹார்டு டிஸ்க்கை மட்டும் பெட்டியோடு அனுப்பாதீர்கள். அதிலுள்ள கோப்புகளைப் பிரதி எடுத்து, பிரதி திறக்கிறதா என்று வேறு கணினியில் சரிபார்த்து, டிஸ்க்கை முழுவதும் அழித்த பிறகு தனியாகக் கொடுங்கள்.